பெரியவர்களின் விளையாட்டுச் சங்கம்

நமக்கு நெடுநாளாகப் பழக்கமான நண்பர் ஒருவர் உளர். வயது நாற்பதைக் கடந்தவர், குடும்பி, ஒரு கம்பெனியில் பொறுப்பான உத்தியோகம் வகிப்பவர், ஊர்ப் பொதுக் காரியங்களிலும் பின்வாங்காமல் உழைப்பவர். அன்னார் வாரத்தில் இரண்டு நாள், புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், இரவு எட்டரை மணிக்கு மேல் யாருக்கும் அகப்படுவதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, கணினியின் முன் அமர்ந்துவிடுகிறார். கமிட்டிக் கூட்டமொன்றுக்கு அவரை அழைக்கச் சென்ற நாம், அவரை இந்த நிலையில் கண்டு, "இந்த வயதில் விளையாட்டா?" என்று பரிகாசம் செய்தோம். அவர் சற்றும் கோபம் கொள்ளவில்லை. "நான் விளையாடப் போகவில்லை, ஐயா, எங்கள் சங்கத்துக்குப் போகிறேன். பத்தொன்பது பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள். நான் போகாவிட்டால் அவர்களும் ஆட முடியாது" என்றார். அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டத்தைத் தொடங்கிப் பழகிய நமக்கு இந்த விடை சுருக்கென்று தைத்தது. பரிகாசத்தை நிறுத்திக்கொண்டு விஷயத்தை விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்ததில் கண்டவற்றை நேயர்களுக்குக் கூறுவதில் தவறில்லை என்று எண்ணுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுவோம். விளையாட்டு என்றதும் நம்மவர்களுக்குப் பணம் வைத்து ஆடும் ரம்மியும், அதனால் குடி கெட்டவர்களின் செய்தியுமே நினைவுக்கு வருகின்றன. அந்தச் சூதாட்டம் வேறு. நாம் பேசப் புகுந்தது வேறு. தமிழ்நாடு ஸர்க்கார் 2022-ல் செய்த சட்டமும், இந்தியப் பார்லிமெண்டு 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிறைவேற்றிய சட்டமும் பணயம் வைக்கும் ஆட்டங்களைக் குறித்தே தடை விதித்தன. பணயம் இல்லாத கூட்டு விளையாட்டுக்களை அவை தீண்டவில்லை. கள்ளையும் மோரையும் ஒரே பானையில் ஊற்றி விவகாரம் பேசுவோருடன் வாதிக்க நமக்கு நேரமில்லை.

இந்தக் கூட்டு விளையாட்டின் வரலாறு நாம் எண்ணியிருந்ததைவிடப் பழையது. 1978-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் மாணவராயிருந்த ராய் டிரப்ஷா என்பவர் தொடங்க, அவருடைய சகமாணவர் ரிச்சர்டு பார்ட்டில் தொடர்ந்து வளர்க்க, படமே இல்லாமல் வெறும் எழுத்தினால் ஆன ஓர் உலகம் கணினியினுள் தோன்றிற்று. ஒரே சமயத்தில் பலர் அதனுள் புகலாம்; ஒருவரோடொருவர் பேசலாம்; சேர்ந்து புதையல் தேடலாம். அந்த வித்திலிருந்து முளைத்தவையே 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன், 1999-ல் வந்த எவர்க்வெஸ்ட், 2003-ல் ஐஸ்லாந்து தேசத்துக் கம்பெனியொன்று வெளியிட்ட ஈவ் ஆன்லைன், 2004-ல் அமெரிக்காவில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் முதலியன. சதுரங்கம் ஆடி முடித்தபின் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். இவ்வுலகங்களோ, நாம் உறங்கும்போதும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன. அங்கே நமக்கு ஒரு பெயர் உண்டு. ஓர் உருவம் உண்டு. நாம் செய்த நன்மை தீமைகளை நினைவில் வைத்திருக்கும் அயலார் உண்டு.

அயலார் இருந்துவிட்டால் மட்டும் சங்கம் உண்டாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் இவ்விளையாட்டுக்களை அமைத்தவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. ஒருவன் எவ்வளவு திறமைசாலியாயினும் தனித்து நின்று வெல்ல முடியாத பகையை அவர்கள் படைத்து வைத்தார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்டில் தொடக்க காலத்துப் பெரும் படையெடுப்புகளுக்கு 40 பேர் வேண்டும். அவர்களில் சிலர் பகைவனின் அடியைத் தாம் வாங்கிக்கொண்டு மற்றவரைக் காப்பவர், சிலர் காயம்பட்டவரை ஆற்றுபவர், ஏனையோர் தாக்குபவர். அடி தாங்குபவன் ஆற்றுபவனின்றி அரை நிமிஷம் உயிரோடிரான். ஆற்றுபவனுக்கோ பகைவனை வீழ்த்தும் வலிமை இல்லை. நாற்பது பேரில் ஒருவர் கவனப் பிசகாக நிற்கத் தகாத இடத்தில் நின்றால் நாற்பது பேரும் மடிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரே பகைவனிடம் வாரக்கணக்கில் தோற்று, பின் ஒரு நள்ளிரவில் வென்று, காதுக்கருவியில் நாற்பது குரல்களும் ஒருங்கே ஆரவாரம் செய்ததைக் கூறும்போது நம் நண்பரின் முகம் மலர்ந்ததை நாமே கண்டோம். 2007-ல் கம்பெனியார் இந்த 40-ஐ 25 ஆகக் குறைத்தார்கள். நாற்பது பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ப்பது எத்தகைய பாடு என்பது பொதுக் காரியத்தில் ஈடுபட்ட நம் நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை!

இத்தகைய காரியங்களுக்காக ஆட்டக்காரர்கள் தாமே அமைத்துக்கொண்டவையே கில்டு என்று வழங்கும் சங்கங்கள். அவற்றின் நடைமுறையை அறியுந்தோறும் நமக்கு வியப்பு மிகுந்தது. சேர விரும்புவோர் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். வயது என்ன, வாரத்தில் எந்நாட்கள் வரக்கூடும், முன்னிருந்த சங்கத்தை ஏன் விட்டீர் என்றெல்லாம் கேட்கிறார்கள். மனு ஏற்கப்பட்ட பின்னும் சில வாரங்கள் பரீட்சைக் காலம். அங்கத்தினர், அதிகாரிகள், தலைவர் என்று படிகள் உண்டு. பொதுப் பண்டகசாலை உண்டு. அதிலிருந்து யார் எதை எடுத்தார் என்பதற்குக் கணக்கு உண்டு. நாட்காட்டி உண்டு, வர இயலாதவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வயது இருபத்தைந்தைக் கடந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் சங்கங்களும் இருக்கின்றன. அவற்றில், குழந்தை அழுதால் ஆட்டத்தை விட்டு எழுந்து போகலாம், அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது பங்கீடு. நாற்பது பேர் உழைத்து ஒரு பகைவனை வீழ்த்தினால் கிடைப்பது இரண்டு மூன்று பொருள்களே. யாருக்குக் கொடுப்பது? தலைவனின் தோழனுக்கா? உரக்கக் கத்தியவனுக்கா? எவர்க்வெஸ்ட் விளையாடிய ஒரு சங்கத்தார் 1999-ல் இதற்கு ஒரு முறை கண்டார்கள். படையெடுப்புக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் வருகைக்கேற்பப் புள்ளிகள் வரவு வைக்கப்படும். பொருள் வேண்டுவோர் அப்புள்ளிகளைச் செலவழித்துப் பெறலாம். அவ்விளையாட்டில் இருந்த இரண்டு பறவைநாகங்களை வீழ்த்துவதற்கு ஏற்பட்டதாகையால் இதற்கு நாகவதைப் புள்ளிகள் என்று பெயர். கம்பெனியார் இதை வகுக்கவில்லை. ஆட்டக்காரர்களே வகுத்து, கணக்குப் புத்தகம் வைத்து, தகராறு தீர்த்து நடத்தினார்கள். அது பின்னர் நூற்றுக்கணக்கான சங்கங்களுக்குப் பரவிற்று. அதில் குறைகள் இல்லாமலில்லை. பழைய அங்கத்தினர் புள்ளிகளைக் குவித்து வைத்துக்கொண்டு புதியவருக்கு ஒன்றும் கிட்டாமல் செய்தனர். உடனே புள்ளிகளைத் தேயச் செய்யும் திருத்தங்கள் வந்தன. முதலுடையோன் மேலும் முதல் சேர்ப்பதைத் தடுப்பது எப்படி என்னும் கேள்வியைப் பொருளாதார நூல்களைப் புரட்டாமலே இவர்கள் ஒரு விளையாட்டுக்காக நள்ளிரவில் உட்கார்ந்து விவாதித்தார்கள் என்பது நமக்கு ரசமாயிருக்கிறது.

இவற்றில் ஒருவரை இழுப்பது யாது? சித்திரங்களின் அழகா, வெற்றியின் வெறியா? நாம் விசாரித்தவரையில் இவ்விரண்டும் சில மாதங்களுக்குமேல் தாங்குவதில்லை. உண்மையான காரணம் வேறு. பள்ளியிலும் கலாசாலையிலும் நட்பு தானே வந்து சேர்கிறது. முப்பது வயதுக்குமேல் அது வருவதில்லை. உத்தியோகத்தில் இருப்பவர்கள் போட்டியாளர் அல்லது மேலதிகாரி; வீட்டில் இருப்பவர்கள் நம்மை நம்பியிருப்பவர். இவ்விரண்டிற்கும் நடுவே, பதவியும் கடமையும் பாராமல் மனிதனோடு மனிதன் உட்காரும் இடமொன்று வேண்டும் என்று ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்க சமூக நூலாசிரியர் 1989-ல் எழுதினார். அதற்கு மூன்றாம் இடம் என்று பெயரிட்டார். காப்பிக் கடையும் முடிவெட்டும் கடையும் அவர் சொன்ன உதாரணங்கள். நம் ஊர்த் திண்ணை அந்த இனத்தைச் சேர்ந்ததே. அடுக்கு மாடி வீடுகளில் திண்ணை ஏது? 2006-ல் கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலர், டிமிட்ரி வில்லியம்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இணைய விளையாட்டுலகங்கள் பலவகையிலும் ஓல்டன்பர்க் கூறிய மூன்றாம் இடமாகவே விளங்குகின்றன என்று எழுதினார்கள்.

இதற்கு மாறான ஆராய்ச்சி ஒன்றும் அதே ஆண்டில் வந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. நிக்கோலா டூஷ்நோவும் அவருடைய கூட்டாளிகளும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட் ஆடுவோரைக் கணக்கெடுத்துப் பார்த்து, பலர் பிறரோடு சேர்ந்து ஆடுவதில்லை, பிறர் நடமாட்டத்துக்கு நடுவே தனியே ஆடவே விரும்புகின்றனர் என்று கண்டார்கள். இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக நாம் கருதவில்லை. சந்தையில் ஆயிரம் பேர் நடுவில் நடப்பவனுக்கும், வாரந்தோறும் பஜனை மடத்துக்குப் போகிறவனுக்கும் வித்தியாசமில்லையா? விளையாட்டில் சேர்வது சந்தைக்குப் போவது. சங்கத்தில் சேர்வதே மடத்துக்குப் போவது. வராதவனை, "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா என்பதே பரீட்சை.

இங்கே நார்வே தேசத்து வாலிபர் ஒருவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாட்ஸ் ஸ்டீன் என்பது அவர் பெயர். தசைகள் படிப்படியாக நலிந்து போகும் டூஷேன் என்னும் பரம்பரை நோயுடன் பிறந்தவர். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கடைசி ஆண்டுகளில் விரல்களைத் தவிர மற்ற அங்கங்களை அசைப்பதே அரிதாயிற்று. மகன் கணினியின் முன்பே வாழ்நாளைக் கழிக்கிறானே, நட்பென்றும் காதலென்றும் ஒன்றும் அறியாமலே போகப்போகிறானே என்று பெற்றோர் ஏங்கினர். 2014-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தம் 25-ம் வயதில், அவர் காலமானார். அவர் எழுதி வந்த இணையக் குறிப்பேட்டின் மூலம் தகப்பனார் மரணச் செய்தியை வெளியிட்டார். யாரேனும் ஒருவர் இருவர் பார்த்தால் பார்க்கட்டும் என்பதே அவர் எண்ணம். பின்பு நடந்தது அந்தக் குடும்பத்தையே திகைக்க வைத்தது. பல தேசங்களிலிருந்து அனுதாபக் கடிதங்கள் ஒன்றன்மேலொன்றாக வந்து குவிந்தன. ஸ்டார்லைட் என்னும் விளையாட்டுச் சங்கத்தில் இபெலின் என்ற பெயரோடு அவர் எட்டாண்டளவு வாழ்ந்திருக்கிறார். அங்கே துன்பப்பட்டவர்களுக்கு ஆறுதல் கூறியிருக்கிறார். மகனோடு பேச வழி தெரியாமல் தவித்த ஒரு தாய்க்கு, அவனோடு சேர்ந்து விளையாடும்படி யோசனை சொல்லி இருவரையும் இணைத்திருக்கிறார். ஈமச் சடங்குக்கு அயல் தேசங்களிலிருந்து சங்கத்தார் சிலர் நேரில் வந்தார்கள். அவர்களில் ஒருவரையும் பெற்றோர் அதற்குமுன் கண்டதில்லை!

அவரை மகாத்மாவாக்கி விட நாம் எண்ணவில்லை. அவருடைய நண்பர்களும் அப்படிச் செய்யவில்லை. தம் நோயை நெடுநாள் மறைத்து வைத்ததால் அவர் குரல்வழிப் பேச்சையும் நேர் சந்திப்பையும் தட்டிக் கழித்தார். சிலரிடம் கடுமையாகவும் நடந்தார். பிறகு மன்னிப்பும் கேட்டார். சாதாரண மனிதர்கள் ஒரு தெருவில் வாழும்போது நடப்பவை எவையோ அவையே அங்கும் நடந்தன. அச்சங்கத்தார் தம் உரையாடல்களைச் சேமித்து வைத்திருந்தமையால், பெஞ்சமின் ரீ என்ற டைரக்டர் அவற்றைக் கொண்டு அவ்வாழ்வைத் திரும்பப் படைத்து, 2024-ல் ஒரு படமாக வெளியிட்டார். ஒவ்வோராண்டும் சங்கத்தார் விளையாட்டினுள் கூடி, இபெலின் வழக்கமாக ஓடிய வழியில் ஓடி, அவரை நினைவுகூர்கிறார்கள். வீட்டில் மூடிய கதவுக்குப் பின்னால் மகன் ஒன்றுமே செய்யவில்லை என்று பெற்றோர் எண்ணியிருந்த காலத்தில், அவர் ஓர் ஊரில் குடியிருந்தார்.

அன்பின் பக்கம் இது. அரசியலில் ஈடுபட்ட நம் நேயர்களுக்கு ஈவ் ஆன்லைன் விளையாட்டில் நடப்பவை இன்னும் சுவையாயிருக்கும். அங்கே ஆயிரக்கணக்கானோர் ஒரே வான்வெளியில் கம்பெனிகளாகவும், கம்பெனிகள் சேர்ந்த கூட்டணிகளாகவும் பிரிந்து ராஜ்யம் நடத்துகிறார்கள். வரி, ஒற்று, தூது, துரோகம் எல்லாம் உண்டு. 2009-ம் ஆண்டு பிப்ரவரியில், அந்நாளில் மிகப் பெரிதாக விளங்கிய கூட்டணியொன்றின் நிர்வாகிகளில் ஒருவர் எதிர்க்கட்சிக்குப் போய், தம் அதிகாரத்தைக் கொண்டே அக்கூட்டணியைக் கலைக்க வழி செய்தார். ஆயுதத்தால் ஆகாதது ஓர் அதிருப்தியால் ஆயிற்று. 2014-ம் ஆண்டு ஜனவரி 27-ல் தொடங்கி 21 மணி நேரம் நீடித்த ஒரு யுத்தத்தில் 7,500-க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர்; டைட்டன் என்னும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன; நஷ்டம் ரொக்கக் கணக்கில் மூன்று லட்சம் டாலர் அளவு என்று மதிப்பிட்டார்கள். இவ்வளவுக்கும் காரணம் என்ன தெரியுமா? ஒரு கூட்டணியார் தம் இடத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் செலுத்தப்படாமல் தவறிப் போயிற்று! பெரிய ஸ்தாபனங்கள் கொள்கைத் தவறால் மட்டுமே வீழும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க. குமாஸ்தா வேலையில் ஏற்படும் ஓட்டையும் போதும்.

அவ்விளையாட்டில் 2011-ம் ஆண்டில் நடந்தது நம் மனத்தை மேலும் கவர்ந்தது. கம்பெனியார் அலங்காரப் பொருள்களைக் கடையில் வைத்து விற்கத் தொடங்கினர். உருவத்துக்கு மாட்டும் ஒற்றைக் கண்ணாடி ஒன்றின் விலை 60 டாலருக்கு மேல். இன்னும் எவற்றையெல்லாம் விற்பது என்று கம்பெனியின் உள்ளே விவாதித்த பத்திரிகையொன்றும் வெளியே கசிந்தது. பணமுள்ளவன் வெற்றியை விலைக்கு வாங்கும் நாள் வந்துவிடும் என்று பிரஜைகள் அஞ்சினர். சந்தை நகரத்தில் திரண்டு அங்கிருந்த நினைவுச் சின்னத்தின்மீது ஓயாமல் சுட்டார்கள். பலர் மாதச் சந்தாவை நிறுத்தினார்கள். வரி கொடா இயக்கம் என்று இதைக் கூறினால் மிகையா? அவ்வுலகத்தில் 2008 முதலே ஆட்டக்காரர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை சபையொன்று இருந்தது. கம்பெனியார் அச்சபையினரை ஐஸ்லாந்துத் தலைநகரான ரேக்யவிக்குக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. அக்டோபர் மாதத்தில் தலைமை அதிகாரி ஹில்மர் பேட்டர்ஸன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வெளியிட்டார். அச்சபைக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் கிடையாது. யோசனை கூறும் உரிமையே உண்டு. அத்தகைய சபைகளின் இயல்பை நம் முன்னோர் நன்கறிவர். ஆயினும் சபைக்குப் பின்னால் சந்தாவை நிறுத்தத் துணிந்த ஜனங்கள் இருந்தமையால் யோசனைக்கும் மதிப்பு வந்தது.

அதே விளையாட்டில் ஒரு பெரும் கூட்டணிக்குத் தூதராக விளங்கிய ஷான் ஸ்மித் என்பவர் வெளியுலகில் அமெரிக்க ராஜாங்க இலாகா உத்தியோகஸ்தர். 2012-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லிபியா தேசத்துப் பெங்காஸி நகரில் அமெரிக்கத் தூதரகக் கட்டிடம் தாக்கப்பட்டபோது மாண்டவர்களில் அவரும் ஒருவர். விளையாட்டில் அவரோடு போரிட்ட எதிர்க்கட்சியாரும் சேர்ந்து தத்தம் கோட்டைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் குடும்பத்துக்கு நிதியும் திரட்டினார்கள்.

நிற்க. இவற்றையெல்லாம் படித்த நேயர்கள், நாம் ஒரே பக்கமாகப் புகழ்கிறோம் என்று எண்ணலாம். சங்கத்தின் கவர்ச்சி எதுவோ அதுவே அதன் அபாயமும் ஆகும். பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைவு மனிதனை நேரம் தவறாதவனாக்குகிறது. அதே நினைவு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவிலும் அவனைக் கணினியின் முன் உட்காரச் செய்யவும் கூடும். விளையாட்டு இரண்டாவது உத்தியோகமாகி, சம்பளமில்லாத உத்தியோகமாகி, ஓய்வுக்காக வந்தவன் ஓய்வின்றிப் போவதும் உண்டு. சங்கத் தலைவர்கள் பலர் இரண்டொரு ஆண்டில் சலித்து விலகிவிடுகின்றனர். தகராறு தீர்ப்பதிலேயே காலம் போயிற்று, விளையாடவே இல்லை என்பது அவர்கள் முறையீடு. பண்டகசாலையைச் சுருட்டிக்கொண்டு ஓடிய பொக்கிஷதாரர்களும் உண்டு. ஸ்திரீகள் குரல் கொடுத்துப் பேசினாலே அவமதிக்கும் துஷ்டர்கள் மலிந்த சங்கங்களும் உண்டு. அத்தகையோரைத் தள்ளி வைக்க அஞ்சும் தலைவன் தலைவனல்லன்.

உலக சுகாதார ஸ்தாபனம் விளையாட்டு வழியான கோளாறு ஒன்றை நோய்களின் பட்டியலில் சேர்க்க 2019-ல் ஒப்புதல் அளித்தது. 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் அது அமுலுக்கு வந்தது. அதன் இலக்கணத்தைப் படித்தால் மணிக்கணக்கு ஒன்றும் அதில் இல்லை. தன்னைத் தான் அடக்க மாட்டாமை, வாழ்வின் மற்ற காரியங்களை விட விளையாட்டே பெரிதாகிப் போதல், கேடு கண்ட பின்னும் விடாமை — இம்மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்து, வாழ்வைக் கெடுத்தால்தான் அது நோய். ஆதலின் புதனும் ஞாயிறும் கதவைச் சாத்துகிறவன் நோயாளி என்று நாம் தீர்ப்புச் சொல்ல இடமில்லை. திங்களும் செவ்வாயும் அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. திண்ணை வீட்டுக்காரருக்குச் சொந்தம். மடம் ஊருக்குச் சொந்தம். இவ்விளையாட்டுலகங்கள் யாருக்குச் சொந்தம்? பத்தாண்டு பதினைந்தாண்டு மனிதர்கள் அங்கே நட்பு வளர்த்திருக்கலாம். கணக்கும் வழக்கும் நடத்தியிருக்கலாம். கம்பெனியார் லாபம் போதாதென்று கருதினால் ஒரு நாள் அறிவித்து மறுநாள் மூடிவிடலாம். 2004-ல் தொடங்கிய ஸிட்டி ஆஃப் ஹீரோஸ் என்னும் விளையாட்டுக்கு இக்கதி நேர்ந்தது. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், இவ்வாண்டுக்குள் மூடப் போகிறோம் என்று திடீரென அறிவித்தார்கள். ஆட்டக்காரர் மகஜர் அனுப்பினர், கடிதங்கள் எழுதினர், விளையாட்டினுள் இருந்த நகர மண்டபத்தின் முன்னே, கையில் தீப்பந்தம் ஏந்தித் திரள் திரளாய் நின்றனர். ஒன்றும் பயன்படவில்லை. நவம்பர் 30-ல் அவ்வூர் அணைந்தது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டை வாங்கியவர் ஆடவே முடியாதபடி முடக்குவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 2024-ல் தொடங்கிய மகஜரில், அடுத்த ஆண்டு ஜூலை மாதத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அவர்களை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது, அதே 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி தன் மோட்டார் ஓட்டும் விளையாட்டொன்றை அணைத்துவிட்ட செய்தியே.

ஸிட்டி ஆஃப் ஹீரோஸ் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. ஆட்டக்காரர் சிலர் அவ்வூரை ரகசியமாகத் தங்கள் கணினிகளில் மறுபடி எழுப்பி, அறிந்தவர் சிலருக்கு மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். 2019-ல் இது வெளியாகவே, எங்களுக்கு ஏன் மறைத்தீர்கள் என்று ஏனையோர் அவர்களோடு கடும் சண்டை போட்டனர். சண்டையின் முடிவில் கதவு எல்லோருக்கும் திறந்தது. தொண்டர்கள் நன்கொடை வாங்கி, செலவுக்கு எவ்வளவோ அவ்வளவே வசூலித்து, நடத்தி வந்தார்கள். 2024-ம் ஆண்டு ஜனவரியில் பழைய கம்பெனியாரே அவர்களுக்கு முறையான அனுமதி வழங்கினார்கள்.

நம் நண்பரிடம் இவற்றைச் சொன்னபோது, "எங்கள் சங்கம் மூன்று விளையாட்டு மாறிவிட்டது, ஐயா, ஆட்கள் அதே ஆட்கள்தாம்" என்றார். அவருக்காகக் கமிட்டிக் கூட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றி வைத்திருக்கிறோம். சென்ற வியாழனன்று அவர் குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து, பூட்டியிருந்த கதவின் முன் நமக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.